உளியைக் கீழே வைத்த பிறகு

(தொழிலில் உள்ளோரும் ஓய்வு பெற்றோரும் கூடிய தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொழிற்சங்க மேடையில் ஏறினால் சம்பளம், போனஸ், வீடு, மருத்துவம் என்று பேசுவது நம் வழக்கம். அவை பேச வேண்டியவைதாம். இன்னும் பேசி முடிந்தபாடில்லை. ஆனால் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேலை செய்கிற காலத்தைப் பற்றியதன்று. வேலை முடிந்த பின் வருகிற காலத்தைப் பற்றியது. உளியைக் கீழே வைத்த நம் மூத்தவர்கள் அன்று பொழுதை எப்படிக் கழித்தார்கள், இன்று எப்படிக் கழிக்கிறார்கள், இனி நாம் செய்ய வேண்டியது என்ன என்பதே பொருள்.

"இதுவும் ஒரு விஷயமா? வேலை முடிந்தவர் சும்மா இருந்துவிட்டுப் போகிறார்" என்று சிலர் எண்ணலாம். சும்மா இருப்பது அத்தனை சுலபமா, தோழர்களே? நாற்பது ஆண்டு காலம் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போனவரைக் கேட்டுப் பாருங்கள். மரம் போய்விட்டது, தோட்டமும் போய்விட்டது. ஆனால் காலை நான்கு மணிக்கு விழிக்கிற விழிப்பு மட்டும் போகவில்லை. விழித்த பிறகு அந்த மனிதர் என்ன செய்வார்? அவர் போக வேண்டிய இடம் எது? அவருக்காகக் காத்திருப்பவர் யார்? இதற்கு விடை தேடுவது தொழிலாளர் இயக்கத்தின் வேலைதான்.

கணக்கைப் பாருங்கள்

1957-இல், நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டில், மலாயாவில் பிறந்த ஆணின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 56. பெண்ணின் ஆயுள் ஏறத்தாழ 58. குழந்தைச் சாவு அதிகமாக இருந்ததால் சராசரி அப்படிக் குறைந்தது என்பது உண்மையே. ஆயினும் முதுமை என்பது அன்று சிலருக்கே கிட்டிய பேறு. 1951-இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. 55 வயதில் பணத்தை எடுக்கலாம் என்று ஆயிற்று. அந்நாள் தொழிலாளிக்கு 55 வயது என்பது பயணத்தின் முடிவுக்கு அருகில் இருந்த ஒரு நிறுத்தம்.

இன்று நிலைமை வேறு. சராசரி ஆயுள் ஆணுக்கு 70-ஐத் தாண்டிவிட்டது. பெண்ணுக்கு 75-ஐத் தாண்டிவிட்டது. 2013 ஜூலை முதல் தேதியிலிருந்து தனியார் துறையில் ஓய்வு வயதின் குறைந்த எல்லை 60 என்று சட்டம் சொல்கிறது. 2030 வாக்கில் நாட்டு மக்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் 60 வயதைக் கடந்தவர்களாக இருப்பார்கள் என்பது அரசாங்கத்தின் மதிப்பீடு. ஆகவே, 60 வயதில் உளியை வைப்பவருக்கு இன்னும் பதினைந்து, இருபது ஆண்டுகள் முன்னே கிடக்கின்றன. ஒரு பிள்ளை பிறந்து வளர்ந்து வேலைக்குப் போகும் அளவு நீண்ட காலம் அது. அதை வெறும் காத்திருப்பாகக் கழிப்பதா?

தோட்டத்தில் முதுமை

தோட்டத்தில் நம் கிழவர்கள் எப்படி இருந்தார்கள்? அவர்களுக்கென்று யாரும் மன்றம் கட்டித் தரவில்லை, திட்டமும் போடவில்லை. இருந்தாலும் இடம் இருந்தது. லயத்து வாசலில் திண்ணை, கோயிலுக்கு எதிரே மரநிழல், சம்பளத்துக்குப் பின் திரை கட்டிப் படம் காட்டும் திடல், கடைக்கு முன்னால் ஒரு பலகை. வீட்டை விட்டு நாலடி வைத்தால் தெரிந்த முகம் கிடைக்கும்.

வேலையும் இருந்தது. மகனும் மருமகளும் நிரைக்குப் போய்விட்டால் வீட்டைப் பார்த்துக்கொள்வது பெரியவர்தான். மாடு கன்றுகளை ஓட்டிச் செல்வார். லயத்துப் பின்புறத்தில் கீரையும் வெண்டையும் போடுவார். முருங்கைக்கு முட்டுக் கொடுப்பார். ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைத் தூங்கவைத்தது பெரும்பாலும் வயதான தாய்மார்களே. ஒரு வீட்டில் சண்டை வந்தால் விலக்குவதற்கும், கல்யாணம் பேசுவதற்கும், மாரியம்மன் திருவிழாவுக்கு வரி பிரிப்பதற்கும் நரைத்த தலை வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

பொழுதுபோக்கும் இந்த வாழ்க்கைக்குள்ளேயே இருந்தது. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. அன்று தாயக்கட்டை உருளும், ஆடுபுலி ஆட்டம் நடக்கும், பெண்கள் பல்லாங்குழி எடுப்பார்கள். மாசியில் காமன் கூத்து. மற்ற நாளில் பஜனை. மாலையில் கிராணி ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் உலகச் செய்தி கேட்டு வாதம் செய்வார். அந்த வாதத்தில் கலந்து வளர்ந்தவர்களிடமிருந்துதான் நம் சங்கமும் வலுப்பெற்றது என்றால் மிகையாகாது. 1954-இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனதற்கு முன்னமே, லயத்துத் திண்ணைகளில் எத்தனையோ கூட்டங்கள் நடந்து முடிந்திருந்தன.

கள்ளுக்கடையும் இருந்தது

இதைக் கேட்டுப் பழைய காலம் பொற்காலம் என்று யாரும் மயங்க வேண்டாம். அந்தத் திண்ணைக்குச் சற்றுத் தொலைவில்தான் கள்ளுக்கடையும் இருந்தது. உழைத்துக் களைத்தவனுக்கு நிர்வாகம் கையருகே கொண்டுவந்து வைத்த பொழுதுபோக்கு அது. சம்பளத்தில் ஒரு பங்கை அங்கே விட்டுவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு போனவர்கள் பலர்.

நம் முன்னோடிகள் இதைப் பார்த்துக்கொண்டு வாளா இருக்கவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது கோரிக்கைகளில் சம்பளம் மட்டுமா இருந்தது? கள்ளுக்கடைகளை மூடு என்றார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற இழிவை ஒழி என்றார்கள். எண்ணிப் பாருங்கள். சைக்கிளில் ஏறிப் போவது வேலைக்கு வெளியே ஒரு தொழிலாளி அனுபவிக்கும் சிறு இன்பம். அந்த இன்பத்தில் மானம் இருக்க வேண்டும் என்று போராடினார்கள். ஓய்வு நேரம் எப்படி இருக்க வேண்டும் என்பது தொழிற்சங்கத்தின் கேள்வி என்று அவர்கள் அன்றே முடிவு செய்துவிட்டார்கள். நாம் அதைத் தொடர்ந்து கேட்கிறோம், அவ்வளவுதான்.

அந்தத் திண்ணைக்கு அடியில் இன்னொரு பள்ளமும் இருந்தது. வேலை இருக்கும் வரைதான் வீடு. வேலை போனால் லயத்துக் கதவும் சாத்தப்படும். ஓய்வு பெற்றவர் அங்கே தொடர்ந்து இருந்தது மகனோ மகளோ அதே தோட்டத்தில் வேலை பார்த்ததால்தான். முதுமைக்குக் கிடைத்த நிழல் சொந்த நிழலன்று, இரவல் நிழல்.

லயம் போயிற்று

இரவல் நிழல் எத்தனை நாள் நிற்கும்? சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைத் தடுக்க 1960-இல் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் தம் சிறுதொகையைச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். 1968-இல் வந்த வேலை அனுமதிச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களைக் கலக்கியது. பல்லாயிரவர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். எத்தனையோ முதியவர்கள் பிள்ளைகளை இங்கே விட்டுக் கப்பல் ஏறினார்கள். பிறகு பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது. அதன் பிறகு நகரத்தை அடுத்த தோட்டங்கள் வீடமைப்புக்கும் சாலைக்கும் போயின. இன்று தோட்ட வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே மிகுதி.

நம்மவர் எங்கே போனார்கள்? பெரும்பகுதியினர் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கூரை ஒழுகவில்லை, குழாயில் தண்ணீர் வருகிறது, பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி அருகில் இருக்கிறது. இவை நன்மைகளே. யாரும் திரும்ப லயத்துக்குப் போகக் கேட்கவில்லை. ஆனால் திண்ணை இல்லை. மாடு கட்ட முடியாது. கீரைக்கு மண் இல்லை. பழைய ஐந்து மாடிக் கட்டடங்களில் மின்தூக்கியும் இல்லை. நாற்பது ஆண்டு சரிவிலும் மேட்டிலும் காண்டா வாளி சுமந்த முழங்கால் நான்காம் மாடிப் படியில் தோற்றுப்போகிறது. முன்பு ஒரு தோட்டம் முழுவதும் சுற்றிய மனிதருக்கு இப்போது வீட்டு நடைபாதையும் இரும்புக் கம்பிக் கதவுமே எல்லை.

பெட்டி சிறுத்தது, கூட்டமும் சிறுத்தது

இன்னொரு மாற்றத்தையும் கவனியுங்கள். வானொலி வந்த புதிதில் எல்லார் வீட்டிலும் பெட்டி இல்லை. ஒரு பெட்டியைச் சுற்றி முப்பது பேர் உட்கார்ந்தார்கள். 1963 டிசம்பரில் இந்நாட்டில் தொலைக்காட்சி வந்தது. முதலில் அதையும் ஒரு வீட்டில், ஒரு மண்டபத்தில் கூடித்தான் பார்த்தார்கள். பிறகு வீட்டுக்கு ஒரு பெட்டி ஆயிற்று. 1996-இல் ஆஸ்ட்ரோ வந்த பின் தமிழ்ப் படத்துக்கும் தொடருக்கும் பஞ்சமே இல்லை. இப்போது ஆளுக்கொரு கைத்தொலைபேசி. பெட்டி சிறுக்கச் சிறுக்கச் சுற்றியிருந்த கூட்டமும் சிறுத்தது. இன்று ஒரே வீட்டில் நால்வர் நான்கு மூலையில் நான்கு படம் பார்க்கிறார்கள். தாத்தாவின் கையிலும் ஒன்று இருக்கிறது.

இந்தக் கருவிகளைப் பழிப்பது நம் நோக்கமன்று. இந்தியாவில் உள்ள தங்கையின் முகத்தை இங்கிருந்தபடியே பார்க்கிற பாட்டிக்கு அது வரப்பிரசாதம். மின்னல் பண்பலையில் பழைய பாடல் கேட்கிற பெரியவரின் முகத்தில் வருகிற மலர்ச்சியை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம். ஆனால் தொடர் பார்ப்பதும் பாட்டுக் கேட்பதும் பொழுதைத் தள்ளும். ஒரு மனிதரை "நீங்கள் வந்தால்தான் காரியம் நடக்கும்" என்று அழைக்காது. தோட்டத்தில் முதியவருக்குக் கிடைத்ததும் இன்று இல்லாமற்போனதும் அந்த அழைப்புத்தான். கேளிக்கைக்குக் குறைவில்லை. கூடுவதற்கு ஓர் இடமும், தாம் தேவைப்படுகிறோம் என்ற உணர்வும்தான் குறைந்துவிட்டன. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் செய்ய வேண்டியது தானே தெளிவாகும்.

அது விளங்காமல் போனால் என்ன நடக்கும்? தோட்டத்துக் கள்ளுக்கடைகள் பெரும்பாலும் மறைந்தன. சம்சு புட்டி அந்த இடத்தைப் பிடித்தது. தனிமையில் இருக்கும் முதியவருக்கு இன்னொரு விருந்தாளியும் வருகிறார். கைத்தொலைபேசியில் போலீஸ் என்றும், வங்கி என்றும், நீதிமன்றம் என்றும் அதிகாரக் குரலில் பேசுகிறார். பகல் முழுவதும் பேச ஆளின்றி இருந்தவர் அந்தக் குரலுக்குப் பதில் சொல்கிறார். சேமநிதிப் பணம் ஒரே பிற்பகலில் போய்விடுகிறது. அப்படி ஓர் அழைப்பு வந்தால் உடனே துண்டியுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே 997 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். அது மோசடிகளுக்கென்று 2022-இல் அரசு திறந்த மையத்தின் எண்.

பாட்டிக்கு ஓய்வு எப்போது?

தாய்மார்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற தாத்தாவைப் பற்றி இவ்வளவு பேசினோம். பாட்டி ஓய்வு பெற்றது எப்போது? ஆணோடு சமமாக மரம் வெட்டினார். வீட்டுக்கு வந்து உலை வைத்தார். 60 வயதில் உளியை வைத்தார்; அகப்பையை வைக்கவில்லை. மகளும் மருமகளும் தொழிற்சாலைக்குப் போவதால் பேரப்பிள்ளைகள் அவர் கையில். அது அன்பு என்பதில் ஐயமில்லை. அன்பு என்பதற்காக அது வேலை இல்லை என்று ஆகிவிடுமா?

தாத்தா கோயில் கமிட்டிக்குப் போகலாம், கடைக்குப் போய்ப் பேசிவிட்டு வரலாம். பாட்டி போனால் "வீட்டை யார் பார்ப்பது?" என்ற கேள்வி எழுகிறது. பிள்ளைகளே, கேளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது உங்கள் தாய்க்கு விடுமுறை கொடுங்கள். வாராந்திர ஓய்வுநாள் தொழிலாளியின் உரிமை என்று சட்டம் சொல்கிறது. அந்த உரிமையை முதலாளியிடம் கேட்கிற நாம் நம் வீட்டு அடுப்படியில் மறுப்பது நியாயமா?

செய்ய வேண்டியவை

முதலாவது, இடம். அடுக்குமாடிகள் பலவற்றில் கீழ்த்தளத்தில் ஒரு மண்டபம் இருக்கும், பூட்டியே கிடக்கும். 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் வீட்டு உரிமையாளர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தாக வேண்டும். அக்கூட்டத்துக்குப் போங்கள். காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை மண்டபத்தைத் திறந்து வையுங்கள், நாலு நாற்காலி போடுங்கள் என்று கேளுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவருக்கு அங்கே வாக்கு இல்லை. பாக்கியைத் தீர்த்துவிட்டுக் கேட்டால் கேள்விக்கு வலு வரும். கீழ்த்தளத்தில் வீடு காலியானால் மாடியேற முடியாத முதியவருக்கு மாற்றிக்கொடுக்க அண்டை அயலார் மனம் வைக்க வேண்டும்.

இரண்டாவது, அரசாங்கம் ஏற்கெனவே தருவதைப் பெறுவது. சமூக நலத்துறையின் ஆதரவில் 'பாவே' எனப்படும் முதியோர் நடவடிக்கை மையங்கள் பல மாவட்டங்களில் நடக்கின்றன. உடற்பயிற்சி, உடல்நலப் பரிசோதனை, கைவேலை என்று நிகழ்ச்சிகள் உண்டு. நம்மவர் அங்கே எத்தனை பேர் போகிறார்கள்? மொழிக்கு அஞ்சி ஒதுங்க வேண்டாம். நிரையில் மலாய்த் தோழரோடும் சீனத் தோழரோடும் பேசிப் பழகியவர்களுக்கு மண்டபத்தில் பேசத் தெரியாதா? வருமானம் அற்ற முதியோருக்கு மாத உதவித்தொகை உண்டு. 2025-இல் அது 600 வெள்ளியாக உயர்ந்தது. ரயிலில் 60 வயதுக்கு மேல் பாதிக் கட்டணம். மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக்கொடுப்பது யார்? இங்கேதான் நம் கிராணிமார்கள் வர வேண்டும்.

மூன்றாவது, கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்று பத்திரிகையை உரக்கப் படித்தவர்கள் உங்கள் மூத்தவர்கள். தோட்டத்தில் கிராணிக்கும் வெட்டுக்காரருக்கும் இடையே ஒரு வேலி இருந்தது. ஓய்வு பெற்ற பின் அந்த வேலிக்கு என்ன வேலை? வாரம் இருமுறை, ஒரு மணி நேரம், கண் மங்கியவர்களுக்குப் பத்திரிகை படியுங்கள். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோயிற்று. படிப்பவர் குறைந்தால் பத்திரிகை நிற்கும். கேட்பவர் கூடினால் படிப்பவரும் கூடுவார்.

நான்காவது, நினைவுகளைக் காப்பது. 1942, 1943 ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர். திரும்பி வந்தவர்களில் இன்று எஞ்சியவர் அரிதிலும் அரிது. 1948 முதல் 1960 வரை இருந்த அவசரகாலத்தில் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டதைச் சிறுபிள்ளையாகக் கண்டவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டார்கள். அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டாமா? பேரன் கையிலுள்ள தொலைபேசி இதற்கு உதவும். "தாத்தா, பெரட்டு எத்தனை மணிக்கு? பாட்டி, நடவுக்குப் போகும்போது என்ன பாடுவீர்கள்?" என்று கேட்டுக் குரலைப் பதிவு செய்யட்டும். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். பெயரும் தேதியும் தோட்டத்தின் பெயரும் சேர்த்துச் சேமித்து வைக்கட்டும். முதியவருக்கு மதிப்புள்ள வேலை கிடைக்கும். பேரனுக்குத் தன் வேர் தெரியும்.

ஐந்தாவது, முன்கூட்டியே பழகுவது. 60 வயது வந்த மறுநாள் ஒருவர் திடீரென்று புதிய மனிதராக முடியாது. இன்று ஐம்பதில் இருக்கிறவர்கள் இப்போதே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டியில் கீரை, உறுமி மேளம் பழகும் இளைஞருக்குப் பழைய தாளம் சொல்லிக்கொடுப்பது, காலை நடை, நூல்நிலையம், எது பிடிக்கிறதோ அது. விடியுமுன் எழுகிற நம் பழக்கத்தைச் சாபமாக எண்ண வேண்டாம். நாலு பேர் சேர்ந்து நடந்தால் அதுவே மருந்து. சேமநிதிப் பணத்தையும் அப்படியே நினையுங்கள்: அது ஒரு வருடத்துக் கல்யாணச் செலவுக்கு வந்த பணமன்று, இருபது ஆண்டுக்கான அரிசி.

கடைசியாகச் சங்கத்துக்கு. ஓய்வு பெற்றவரின் பெயர் அங்கத்தினர் பட்டியலில் இல்லாமற்போகலாம். கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி இருக்கட்டும். கிளை ஒவ்வொன்றும் தன் பழைய தொண்டர்களின் பெயரை எழுதி வைக்கட்டும். யார் எந்த மாடியில் இருக்கிறார், யாருக்குக் கால் முடியவில்லை, யாரைப் பார்க்க ஆளில்லை என்று தெரிந்து, மாதம் ஒருமுறை இருவர் போய்ப் பார்த்து வரட்டும். இதற்குப் பெரும் நிதி வேண்டாம். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கிய பரம்பரை நாம். பத்துப் பத்து நிமிடமாகச் சேர்த்து ஒரு திண்ணை கட்ட நம்மால் ஆகாதா?

தோழர்களே, மரம் பால் தரும் வரை அதற்குக் கணக்கு உண்டு. பால் வற்றினால் வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். அது தோட்டத்தின் நியாயம். மனிதருக்கு அந்த நியாயம் பொருந்தாது என்று சொல்லத்தான் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அவர்கள் உழைத்த காலத்தில் கூலிக்காக நின்றோம். ஓய்ந்த காலத்தில் அவர்கள் பக்கத்தில் உட்காருவோம்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!